வாரியல் தொடாத ஒன்பது மாதம்

உங்கள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் நான் வீட்டைப் பெருக்கவில்லை. மறுநாளும் பெருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் நம் வீட்டுத் தரையில் வாரியல் படவில்லை. அப்போது நீங்கள் இரண்டு பேரும் பெரியம்மா வீட்டில் இருந்தீர்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, இளையவனுக்கு மூன்று. அதனால் வீட்டை அந்தக் கோலத்தில் நீங்கள் பார்த்ததில்லை. இப்போது தினமும் காலையில் நான் வாளியும் துணியுமாகக் குனிந்து கிடப்பதைப் பார்த்து, அப்பாவுக்குச் சுத்தம் என்றால் பிறவியிலேயே கிறுக்கு என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுகிறது. பிறவியில் அப்படி ஒன்றும் கிடையாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் நாலாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகாராஜா காலத்துச் சக்கரக் காசு செல்லாமல் போய் அணா வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரக் கடை ஒன்றில் நான் வேலை பார்த்தேன். கம்போளத்துக்குத் தெற்கே, ஒரே கூரையின் கீழ் ஐந்து வீடுகள் வரிசையாக நிற்கும் லைன் வீட்டில் நமக்குக் கடைசி வீடு. முன்னறை, நடு அறை, அடுக்களை, பின்னால் ஐந்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. முன்னறையும் நடு அறையும் கறுப்புச் சிமிண்டுத் தரை. அடுக்களை மட்டும் சாணி மெழுகிய தரை. உங்கள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தக் கறுப்புத் தரையில் முகம் தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். நான் அதைக் கவனித்ததில்லை. சுத்தமாக இருக்கிற வீட்டில் இருப்பவனுக்கு அது சுத்தமாக இருப்பது தெரிவதில்லை.

அவளுக்கு இருமல் வந்தது. பிறகு இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் காச ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். பெரியம்மா வந்து உங்களை நாகர்கோவில் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனாள். அதற்கு இரண்டாம் நாள் மாசி மாதத்து வெயில் ஏறுவதற்குள் குதிரைவண்டி வந்தது. அம்மா வண்டியில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி என்னிடம் சொன்னாள்.

"நான் போன ஒடனே தூத்து வாரப்பிடாது, கேட்டியளா. போய்ச் சேரட்டும். அதுக்குப் பெறவு வாரியலத் தொட்டா போதும்."

நம் பக்கத்தில் அது வழக்கம். ஒருவர் பயணம் புறப்பட்டால், அவர் போய்ச் சேருகிற நேரம்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது. ஆள் போன கையோடு பெருக்கிக் கழுவுவது சாவு எடுத்த வீட்டில்தான். எல்லோரும் செய்வதுதான், யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பெருக்கிவிடுவார்கள்.

அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து நேராகக் கடைக்குப் போனேன். ஒரு குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவளுக்குப் போய்ச் சேரும் இடம் ஆஸ்பத்திரியா? அங்கே போய்ச் சேருவதற்காகவா அவள் புறப்பட்டாள்? திரும்பி வந்து இந்த வீட்டுப் படியை மிதித்தால்தான் அந்தப் பயணம் முடிகிறது. அதுவரை அவள் வழியில் இருக்கிறாள். வழியில் இருக்கிறவளின் வீட்டைப் பெருக்கினால் என்ன அர்த்தம்? இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானே யோசித்து, நானே முடிவு செய்துகொண்டேன்.

உங்களிடம் மறைப்பதற்கில்லை. அதில் பக்தி பாதி, சோம்பல் பாதி. மனதுக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிருந்தது. பெருக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் காலில் நரநரவென்றது. பிறகு அதுவும் பழகிவிட்டது. காலையில் எழுந்து கஞ்சி வைத்துக் குடிப்பேன். கடைக்குப் போவேன். அங்கே பகல் முழுக்கக் குடத்தையும் தவலையையும் பளபளவென்று துலக்கி வரிசையாக அடுக்குவேன். ஒரு விரல் கறை தெரிந்தால் முதலாளி கூப்பிட்டுக் காட்டுவார். வீட்டுக்கு வந்தால் கஞ்சிப் பானை காலையில் விட்ட இடத்தில் காய்ந்து கிடக்கும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி அதிலேயே வைப்பேன். எனக்கு வருத்தமாகக்கூட இல்லை. வருத்தப்படுகிறவன் ஏதாவது செய்வான். நான் பாயில் படுத்துக்கொண்டு ஓட்டுக்கூரையில் பல்லி போவதைப் பார்ப்பேன். அது போய்விட்டால் அது போன இடத்தைப் பார்ப்பேன்.

வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கியதும் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது. நடு அறையில் ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்தேன். அடுக்களையில் ஒழுகுகிற இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. உங்கள் அம்மாவின் பாயில் பூஞ்சணம் பிடித்தது. சுவரில் கறையான் மண்கோடு போட்டு மேலே ஏறியது. மூத்தவளின் ஸ்லேட்டுச் சட்டத்தை அது தின்றுவிட்டது, கல் மட்டும் மிஞ்சியது. எடுத்து மூலையில் சாய்த்து வைத்தேன். தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் புழுதி படிந்தது. வாசல்படியிலிருந்து பாய் வரைக்கும், பாயிலிருந்து அடுக்களை வரைக்கும், அங்கிருந்து கிணற்றுப் பக்கத்துக் கதவு வரைக்கும் நான் நடக்கிற தடம் மட்டும் கறுப்பாக இருந்தது. காட்டில் ஒற்றையடிப் பாதை இருக்குமே, அதைப் போல. நான் அதைவிட்டு விலகி நடந்ததே இல்லை.

நமக்கு அடுத்த வீட்டில் திருநெல்வேலிக்காரர்கள் இருந்தார்கள். அவருக்குத் தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்தில் வேலை. அவர் மனைவிதான் நீங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவள். கிணற்றடியில் என்னைப் பார்த்தால் விடமாட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் கரப்பான்பூச்சியெல்லாம் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வருது. நாங்களும் திருப்பி வரணும்லா? எப்ப வரட்டும்?"

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

"ஒரு வாரியலு எடுத்துட்டு வாரேன். நீங்க கடைக்குப் போன நேரத்துல ஒரு தள்ளு தள்ளிட்டுப் போறேன். மயினி வந்து பாத்தா என்ன நெனப்பாவ?"

"வேண்டாம். புறப்பட்டுப் போயிருக்கா. தூத்து வாரப்பிடாது."

"போயி அஞ்சு மாசமாச்சே அண்ணாச்சி. ரெங்கூனுக்குப் போனாக்கூட இந்நேரம் சேந்திருப்பாவ."

"திரும்பி வரணும்லா" என்றேன்.

அவள் கயிற்றைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு கேலி செய்யவில்லை. "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அன்று மதியம் ஒரு கிண்ணத்தில் புளிக்கறி கொண்டுவந்து படியில் வைத்தாள். உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு கடை அடைப்பார்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவேன். நீளமான வராந்தாவில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்கு எட்டடி தள்ளி நிற்க வேண்டும். அம்மாவின் கட்டில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் கொண்டுபோன முட்டையையும் ஆரஞ்சையும் ஆயா வாங்கி அவள் தலைமாட்டில் வைப்பாள்.

முதலில் உங்களைப் பற்றிக் கேட்பாள். பெரியம்மாவின் கடிதத்தில் இருந்ததைச் சொல்வேன். அடுத்தது வீடு.

"வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அடுக்களைய வெள்ளிக்கெழம மெழுகுதியளா?"

"ம்."

"மழைக்கு ஒழுகுமே. நடு அறையில அண்டா வச்சியளா?"

"வச்சிருக்கேன்." அது ஒன்றுதான் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள். "இங்க ஒரு வேலயும் கெடயாதுல்லா. படுத்துக்கெடந்து மனசுக்குள்ள நம்ம வீட்டத் தூத்துக்கிட்டிருப்பேன். அடுக்களையில தொடங்கி, அடுப்படி, அம்மியடி, பெறவு நடு அறை. முன்னறைக்கு வாரதுக்குள்ள கண்ணு அடச்சிரும். முன்னறைய ஒருநாளும் முடிச்சதில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்துப் பார்த்தேன். ஏதாவது தோன்ற வேண்டும் என்று தெரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து என் தடத்திலேயே நடந்து பாயில் போய்ப் படுத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பி, வராந்தாவில் வைத்தே பேசினார். ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது, எச்சிலில் இப்போது கிருமி இல்லை, வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். ஆனால் அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் அம்மா வந்து வீட்டைப் பார்ப்பார். காற்றோட்டமும் சுத்தமும் உள்ள வீடு என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அனுப்புவோம், இல்லாவிட்டால் மறுபடி யோசிக்கப் பங்குனி ஆகும் என்றார். எங்களுக்குப் பின்னால் கட்டிலில் இருந்து உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. "எங்க வீட்டுல வந்து ஒரு குத்தம் சொல்ல முடியாது டாக்டரே. வெள்ளிக்கெழம தோறும் மெழுகுதாவ."

அவளுக்குப் பக்கத்துக் கட்டில் அந்த ஒன்பது மாதத்தில் இரண்டு தடவை காலியாகி, புதிய ஆள் வந்திருந்தது. இருந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. பங்குனி என்றால் இன்னும் ஐந்து மாதம். இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றும் வீட்டுக்கு வந்து பெருக்கவில்லை. பெருக்கினால் அவள் வரமாட்டாள், பெருக்காவிட்டாலும் வரமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கஞ்சி குடித்தேன்.

நான் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் வீடு பார்க்கிற அம்மா வந்துவிட்டார். வெள்ளைப் புடவை, கையில் குடை, தோளில் ஒரு பை. மலையாளக்காரர். சாலைப் பக்கத்து வீடுகளுக்கு வந்து வந்து தமிழும் பேசுவார். படியில் நின்றபடியே உள்ளே பார்த்தார். செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துவிட்டார்.

"இது ஆளு தாமசிக்கிற வீடோ?"

"ஆமாம்மா."

குடை நுனியால் தரையில் இருந்த தடத்தைக் காட்டினார். "நீங்க இதிலே மாத்திரம்தான் நடக்குமா?"

ஆமாம் என்றேன்.

"ரோகிக்குக் கட்டில் எவிடெ போடும்? ஜன்னல் எங்கே?"

நடு அறையைக் காட்டினேன். அங்கே ஜன்னல் உண்டு, ஆனால் நமக்கு முன்னால் குடியிருந்தவர்கள் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். நாமும் அதைத் திறந்ததில்லை. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பிறகு எழுதாமல் மூடினார்.

"எழுதினா தீர்ந்து. உங்க ஆளு அவிடெயே கிடக்கும். இந்தப் பொடியிலே நல்ல சுகமுள்ள மனுஷனும் சீக்கு ஆகும். எத்தனை நாளாச்சு அடிச்சு வாரி?"

நான் வழக்கத்தைச் சொன்னேன். அவள் சொன்னதையும், நான் நினைத்துக்கொண்டதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை.

"எங்க வீட்டிலேயும் உண்டு அந்த வழக்கம். அதுக்கு ஒன்பது மாசமோ?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "எப்படியானாலும் உங்க வீட்டிலே இனி வாரியல் வேண்டா. வாரியல் எடுத்தா பொடி பறக்கும். பொடி அவங்க நெஞ்சுக்கு ஆகாது. நனைச்ச துணியாலே துடைக்கணும், தினமும். அது மதி. சுவருக்குச் சுண்ணாம்பு. ஜன்னல் திறக்கணும். தனிக் கட்டில், தனிப் பாத்திரம். பதினஞ்சு நாள் கழிஞ்சு நான் வரும். அப்போ எழுதும், எதானாலும் எழுதும்."

அவர் போன பிறகு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வாரியல் வேண்டாம், நனைத்த துணி போதும். துடைப்பது பெருக்குவது ஆகாது. அடுக்களை மெழுகுவதும் கையால்தான். இதை நினைக்க எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது, அதுவும் இன்னொருவர் வந்து சொல்லி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது உங்கள் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எட்டடி தள்ளி நின்றேன்.

"அந்தம்மா எல்லாம் சொன்னாவ" என்றாள், திரும்பாமல்.

"ம்."

"நான் சொன்னது ஒரு மணி நேரத்துக்கு."

"தெரியும்."

"அப்பம் நான் இங்க கெடந்து தெனமும் எந்த வீட்டத் தூத்தேன்?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலக் கிடந்தாள். அம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருக்கவில்லை.

"பதினஞ்சு நாளு தந்திருக்காவளாம். செய்வியளா?"

"செய்யுதேன்."

"வாரியல எடுப்பியளா?"

"அது வேண்டாம்னுட்டாங்க."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலானது. நர்ஸ் வந்து, போதும் போங்கள் என்று என்னை அனுப்பிவிட்டாள்.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து அந்தத் தரையைப் பார்த்தபோது எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. முதல் இரண்டு நாளும் வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மனசு வரட்டும், வந்ததும் ஒரே மூச்சில் செய்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் குளிக்க இறைத்த ஒரு வாளித் தண்ணீர் கையில் இருந்தது. குளிக்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து அதில் முக்கி, கிணற்றுப் பக்கத்துக் கதவடியில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினேன். வாளித் தண்ணீர் சேறாகிற வரைக்கும் துடைத்தேன். முறத்தளவு இடம் கறுப்பாகத் தெரிந்தது. அதோடு எழுந்துவிட்டேன். மறுநாளும் ஒரு வாளி. விட்ட இடத்திலிருந்து.

பிள்ளைகளே, நான் கண்டது அவ்வளவுதான். மனசு அந்தப் பதினைந்து நாளும் வரவில்லை. காத்திருந்தால் இன்றைக்கும் வந்திருக்காது. மனசைக் கேட்காமல் கிணற்றில் வாளியை விட்டேன். இறைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போக முடியாது, ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். வாளி முடிந்தால் நிறுத்திவிடலாம் என்பதால் தொடங்கவும் முடிந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு வாளி ஆனது. நான் வீரமாகச் செய்ததாக நினைக்காதீர்கள். தூக்கத்தில் நடக்கிறவன் போலத்தான் செய்தேன்.

பெரிய குப்பையைக் கையாலேயே அள்ளிக் கடவப் பெட்டியில் போட்டேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, கையால வாருதீய? வாரியலுக்குப் பிள்ளப்பேறா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் புருஷனைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்க, வாரியலத் தொடாம ஒரு வீட்டச் சுத்தம் பண்ணுத ஆம்பளய" என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே கடற்புறத்திலிருந்து வந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு சட்டி நீற்றிக் கொண்டுவந்து தந்தாள். அவர் வந்து ஜன்னல் பலகையின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே அந்தப் பக்கத்து வளவுத் தோட்டத்தின் பலாமரமும் அதற்கு அப்பால் ஒரு ஓடையும் தெரிந்தன. நாலு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறோம், பக்கத்தில் பலாமரம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ஐப்பசியின் துலாமழை நேரம். சுண்ணாம்பு காயவில்லை. ஒரு கை அடித்தால் ஈரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. அடுப்புக்கரியைப் பற்றவைத்துச் சட்டியில் போட்டுச் சுவருக்குப் பக்கத்தில் வைத்து, விசிறி விசிறிக் காயவைத்தேன். நடு அறைச் சுவரில் ஒரு பொந்து இருந்தது. அதில் உங்கள் அம்மா தலைவாரி உதிர்ந்த முடியைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தாள். நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு சுருள். எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கடவத்தில் போட்டேன். பொந்தைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். இப்போது எழுதும்போதுதான் அது வலிக்கிறது. அன்று ஒன்றும் இல்லை.

பதினைந்தாம் நாள் அந்த அம்மா வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நடு அறையில் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலை அசைத்துப் பார்த்தார். ஜன்னலில் முகத்தை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். விரலால் கதவின் மேல் சட்டத்தைத் தடவினார். விரலில் தூசி வந்தது. அங்கே நான் துடைக்கவில்லை. விரலை என்னிடம் காட்டினார். நான் துணியை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னாலேயே துடைத்தேன். அந்தப் பதினைந்து நாளில் நான் பயந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

"கொள்ளாம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதினார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார். "ஆறு மாசம் அவங்க குனியக்கூடாது, பாரம் எடுக்கக்கூடாது, வேலை ஒண்ணும் செய்யக்கூடாது. பிள்ளைங்க இப்போ வேண்டா. ஸ்கூல் திறக்கும்போ வரட்டும். இந்தத் துடைக்கிறது ஒரு நாளும் முடங்கக்கூடாது. கேட்டோ?"

அதனால்தான் அம்மா வந்த பிறகும் உங்களை உடனே கூட்டிவரவில்லை. அதற்காக என்மேல் மூத்தவளுக்கு இன்றைக்கும் கோபம் உண்டு என்று தெரியும்.

கார்த்திகை மாதம் முதல் வாரத்தில் உங்கள் அம்மாவைக் குதிரைவண்டியில் அழைத்து வந்தேன். அடுத்த வீட்டுக்காரி வாசலில் நின்றாள். அம்மா படியேறி முன்னறையில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். எனக்கும் ஒரு சந்தோஷம் வர வேண்டும், அதையும் எதிர்பார்த்தேன். அவள் மெதுவாக அடுக்களைக்குப் போனாள். உப்பு போடுகிற மரவைக் கிண்ணத்தை நான் மாற்றி வைத்திருந்த இடத்திலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"வேற யாரு வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

"சுண்ணாம்பு அடிச்சதனால இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள். வெளியே அடுத்த வீட்டுக்காரி, "அண்ணாச்சி, இனியாவது வாசலத் தூத்து வாரலாமா?" என்று கேட்டாள். அம்மா உள்ளிருந்தபடியே, "தூத்து வாருங்க மயினி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். நம் வாரியலைத் தேடினால் கறையான் தின்று பிடி மட்டும் இருந்தது. அவள் தன் வீட்டு வாரியலைக் கொண்டுவந்து முற்றத்தைப் பெருக்கினாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். சந்தோஷம் வரவில்லை. அன்றைய வாளி பாக்கி இருந்தது.

இரண்டு மூன்று மாதம் அப்படியே போயிற்று. நான் துடைப்பேன். அவள் கட்டிலில் படுத்துப் பார்ப்பாள். அந்த மூலை, இந்த மூலை என்று சொல்வாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் வீட்டில் விருந்தாளியைப் போல இருந்தாள். சோறு போட்டுக் கொடுத்தால் போதும் போதும் என்பாள், வேண்டுமென்று எதையும் கேட்கமாட்டாள். நான் அடுக்களையில் பாத்திரத்தை உருட்டினால் முன்பெல்லாம் திட்டுவாள், இப்போது அதுவும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவந்துவிட்டேன், உங்கள் அம்மா இன்னும் வழியில்தான் இருக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரிடம் கேட்பது? வீடு சுத்தமாக இருந்தால் அவள் வருவாள் என்றார்கள். சுத்தமாகத்தான் இருந்தது.

மாசி கடைசியில் ஒரு காலை. நான் கிணற்றிலிருந்து வாளியோடு வந்தேன். நடு அறையில் கட்டிலைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. படுத்திருக்கிறவளின் கை எட்டுகிற தூரத்துக்கு அரை வட்டமாகத் துடைத்திருந்தது. அவள் குடிப்பதற்கு வைத்திருந்த செம்பு காலியாக இருந்தது. கட்டில் சட்டத்தில் ஒரு துணி பிழிந்து போட்டிருந்தது. அவள் மல்லாந்து படுத்திருந்தாள். மூச்சு கொஞ்சம் வேகமாக ஓடியது.

ஆறு மாதம் குனியக்கூடாது என்று அந்த அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

"கட்டில் காலுக்குப் பெறத்த எட்டல்ல. அங்க ஒரு கோடு அப்பிடியே கெடக்கு. நீங்க ஒருநாளும் அத ஒழுங்காத் தொடச்சதில்ல" என்றாள்.

"அது நான் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருக்கிய இத்தன நாளும்."

வாளியைத் தரையில் வைத்தேன். அவள் துடைத்த இடத்தில் கால் படாமல் சுற்றிப் போய், குனிந்து, கட்டில் காலுக்குப் பின்னாலிருந்து தொடங்கினேன்.